சுண்டைக்காயும் சுமைகூலியும்: வன்பொருள் முடுக்கிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் விளம்பரம், லேப்டாப் விளம்பரம் எதைத் திறந்தாலும் ‘ஏஐ எஞ்சின்’, ‘நியூரல் எஞ்சின்’ என்று ஒரு தனிச் சுற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தச் சுற்று மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துகிறது என்ற விளக்கம் மட்டும் அரிதாகவே கிடைக்கிறது. பொறியியல் மாணவர்களும், நிரல் எழுதுபவர்களும், புதுக் கணினி தேடுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே எண்களோடு பதில் சொல்லியிருக்கிறேன். எண் இல்லாமல் இந்த விஷயத்தைப் பேசினால் அதுவும் இன்னொரு விளம்பரமாகத்தான் முடியும்.

வன்பொருள் முடுக்கி என்றால் என்ன? என் போனில் இருக்கிறதா?

ஒரு வகைக் கணக்கை மட்டும் செய்வதற்கென்றே வடிவமைத்த சுற்று. சிபியு எனப்படும் பொதுச் செயலி எந்த நிரலைக் கொடுத்தாலும் ஓட்டும். முடுக்கிக்குத் தன் வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

உங்கள் போனில் ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஒரு புகைப்படம் எடுக்கிறீர்கள். சென்சாரிலிருந்து வரும் கச்சாப் புள்ளிகளை வண்ணப் படமாக மாற்றுவது படச் செயலி என்ற தனிச் சுற்று. படத்தில் முகம் எங்கே என்று தேடுவதைப் பல போன்களில் நியூரல் சுற்று பார்த்துக்கொள்கிறது. வீடியோ எடுத்தால் அதைச் சுருக்குவது வீடியோ என்கோடர். சேமிக்கும்போது மறையாக்கம் செய்வதும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதும், பெரும்பாலும் வன்பொருளே. சிபியு இவற்றுக்கெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பாதி நேரம் உறங்குகிறது. பேட்டரி ஒரு நாள் தாங்குவதற்கு இந்த உறக்கம் முக்கியமான காரணம்.

இது புது யோசனையும் அல்ல. பின்னப் பகுதி கொண்ட எண்களுக்கான மிதவைப் புள்ளிக் கணக்குக்கென்று இன்டெல் 8087 என்ற துணைச் செயலியை 1980லேயே விற்றது. அன்றைக்கு நோக்கம் வேகம். இன்றைக்கு நோக்கம் மின்சாரம்.

பொதுச் செயலிதான் வருடா வருடம் வேகமாகிக்கொண்டே இருந்ததே, இப்போது எதற்குத் தனித்தனிச் சுற்று?

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974ல் ஒரு விதியை எழுதினார்கள். டிரான்சிஸ்டரின் நீள அகலத்தைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் இறக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில் எரியும் மின்சாரம் அதிகரிக்காது. அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் டிரான்சிஸ்டரும் கூடும், வேகமும் கூடும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். கணினித் துறை முப்பது ஆண்டுகள் இந்த வரத்தில்தான் வாழ்ந்தது. 1989ல் வந்த இன்டெல் 486 செயலி 25 மெகாஹெர்ட்ஸ். 2004ல் பென்டியம் 4 எட்டியது 3.8 கிகாஹெர்ட்ஸ். பதினைந்து ஆண்டில் 150 மடங்கு.

பிறகு நின்றுவிட்டது. மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கியதும் அதற்குமேல் இறக்க முடியவில்லை. இறக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும் அளவையும் இறக்க வேண்டும். அதை இறக்கினால் அணைத்துவைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியும். சுற்று ஒருமுறை நிலை மாறுவதற்கான செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறையாமல் டிரான்சிஸ்டர் மட்டும் பெருகினால் சிப் வெந்துவிடும். பென்டியம் வரிசையில் அடுத்து வரவிருந்த டேஜாஸ் என்ற செயலியை இன்டெல் 2004 மே மாதம் கைவிட்டது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளில் கடிகார வேகம் இரட்டிப்பாகவே திணறியிருக்கிறது.

டிரான்சிஸ்டர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கத்தான் சூடு விடவில்லை. 22 நானோமீட்டர் சிப்பில் 21 சதவீதமும், 8 நானோமீட்டரில் பாதிக்கு மேலும் அணைந்தே கிடக்க வேண்டியிருக்கும் என்று 2011ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ‘இருண்ட சிலிக்கான்’ என்ற பெயர் அப்போதிலிருந்து பரவலாகப் புழங்குகிறது. எப்படியும் அணைந்து கிடக்கப்போகிற இடம் என்றால், எப்போதாவது தேவைப்பட்டாலும் அந்த நேரத்தில் மிகக் குறைவாகச் செலவழிக்கும் சுற்றை அங்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம். சிப்பில் இடம் மலிந்து மின்சாரம் அருமையானபோது முடுக்கிகளின் காலம் தொடங்கியது.

செயலிக்குள் மின்சாரம் உண்மையில் எங்கே போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். மற்ற எல்லா விடைகளும் இதிலிருந்து வருபவை.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014ல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் 45 நானோமீட்டர் சிப்புக்கான செலவுக் கணக்கைக் காட்டினார். 8 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட 0.03 பிகோஜூல் (ஒரு ஜூலை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோஜூல்). 32 பிட் என்றால் 0.1. மிதவைப் புள்ளி எண்களை 32 பிட்டில் பெருக்க 3.7. கணக்கு என்று நாம் நினைப்பதன் விலை இவ்வளவுதான்.

இப்போது கணக்கைச் சுற்றியுள்ள செலவைப் பாருங்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷ் எட்டு கிலோபைட் என்றால், அதிலிருந்து 64 பிட் எடுக்க 10 பிகோஜூல். ஒரு மெகாபைட் கேஷ் என்றால் 100. சிப்புக்கு வெளியே இருக்கும் முதன்மை நினைவகமான டிராம் வரை போய்வர 1,300 முதல் 2,600 வரை. இவற்றோடு, ஒரு சாதாரண ஆணையைச் செயலி நிறைவேற்றவே மொத்தம் சுமார் 70 பிகோஜூல் ஆகிறது. ஆணையை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டும், என்ன ஆணை என்று பிரித்துப் பார்க்க வேண்டும், எண்களைக் கையில் வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களைத் திறக்க வேண்டும், எது முதலில் எது அடுத்தது என்று வரிசைப்படுத்த வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு நடக்கும் கூட்டலுக்கு 0.1.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி மூன்று மடங்கல்ல, 700 மடங்கு.

ஆகவே, கூட்டல் சுற்றை இன்னும் நேர்த்தியாக வடிவமைத்து ஒன்றும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. ஒரு ஆணைக்கு ஒரு கூட்டல் என்பதை ஒரு ஆணைக்கு ஆயிரம் கூட்டல் என்று மாற்றினால் 70 பிகோஜூல் ஆயிரமாகப் பங்கு பிரியும். டிராமிலிருந்து ஒருமுறை எடுத்த எண்ணை நூறு தடவை பயன்படுத்திவிட்டு விட்டால், அந்த 2,000 பிகோஜூல் நூறாகப் பங்கு பிரியும். நல்ல முடுக்கி எதுவானாலும் உள்ளே இந்த இரண்டு காரியம்தான் நடக்கும்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

ஆம், மிக அழகாக. எச்.264 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கும் வேலையை எடுத்துக்கொண்டு ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நான்கு பொதுச் செயலிகள் சேர்ந்து செய்யும்போது ஆகும் மின்சாரம், அதற்கென்றே செய்த தனிச் சிப்புக்கு ஆவதைப் போல் 500 மடங்கு என்று தெரிந்தது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைப் படிப்படியாக அவிழ்த்துப் பார்த்தார்கள்.

முதல் படியில் பொதுச் செயலியிலேயே பல எண்களை ஒரே ஆணையில் கையாளும் வசதியையும், ஒரே நேரத்தில் பல ஆணைகளை ஓட்டும் வசதியையும் சேர்த்தார்கள். வேகம் 10 மடங்கு கூடியது, மின்சாரம் 7 மடங்கு குறைந்தது. அப்போதும் செலவில் 90 சதவீதத்துக்கு மேல் சுமைகூலியாகவே இருந்தது. அடுத்த படியில், எச்.264இன் ஒவ்வொரு உட்பகுதிக்கும் அதற்கே உரிய பெரிய சுற்றைச் செயலிக்குள் பொருத்தினார்கள். ஒரு ஆணை கொடுத்தால் நூற்றுக்கணக்கான கணக்குகள் ஓடும். மேலும் 25 மடங்கு மிச்சம். கடைசியில் தனிச் சிப்பின் செலவுக்கு மூன்று மடங்குக்குள் வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஆய்வை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், பொதுவான மேம்பாடுகள் எங்கே ஓய்ந்துபோகின்றன என்பதை அது துல்லியமாகக் காட்டுகிறது. ஏழு மடங்கு வரை பொதுவாக வரலாம். அதற்குமேல் வேண்டுமானால், செய்யப்போகும் வேலை என்னவென்று சிப்புக்குத் தெரிந்தாக வேண்டும்.

கூகுளின் டிபியு உள்ளே என்ன நடக்கிறது?

2013ல் கூகுள் ஒரு கணக்குப் போட்டது. பயனர்கள் நாளொன்றுக்கு மூன்று நிமிடம் குரல்வழித் தேடலைப் பயன்படுத்தினாலே, பேச்சைப் புரிந்துகொள்ளும் நியூரல் வலையை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நிரல்) ஓட்ட, தரவு மையங்களை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். அதிலிருந்து பிறந்தது டிபியு என்ற முடுக்கிச் சிப். பதினைந்து மாதத்தில் வடிவமைத்து, 2015ல் தரவு மையங்களில் பொருத்தினார்கள். 2017ல் அதன் உள்ளமைப்பை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நியூரல் வலையின் வேலை பெரும்பாலும் அணிப் பெருக்கல், அதாவது எண் அட்டவணைகளை ஒன்றோடொன்று பெருக்குவது. டிபியுவின் நடுவில் 256 வரிசை, 256 நிரல் என்று 65,536 சின்னப் பெருக்கிகள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பயிற்சியில் கற்ற ஓர் எடை எண் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடும். உள்ளீட்டு எண்கள் இடப்பக்கத்திலிருந்து நுழையும். ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு கட்டம் என்று வலப்பக்கம் நகரும். கட்டத்தில் இருக்கும் எடையோடு பெருக்கி, மேலிருந்து வந்த கூட்டுத்தொகையில் சேர்த்து, கீழ்க் கட்டத்துக்குத் தள்ளிவிடும். அடிவிளிம்பில் விடை வந்து விழும்.

இதில் கவனிக்க வேண்டியது, நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்த உள்ளீட்டு எண் 256 பெருக்கிகளைக் கடந்து போகிறது. நடுவில் எங்கும் அது நினைவகத்துக்குத் திரும்புவதில்லை, பக்கத்துக் கட்டத்துக்கு மட்டும் நகர்கிறது. இந்த அமைப்பை எச். டி. குங்கும் சார்லஸ் லைசர்சனும் 1970களின் இறுதியிலேயே எழுதிவைத்திருந்தார்கள். ‘சிஸ்டாலிக் அரே’ என்று பெயர். உலகம் அதைத் தேடி வர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

700 மெகாஹெர்ட்ஸ், 65,536 பெருக்கிகள், ஒவ்வொன்றும் துடிப்புக்கு ஒரு பெருக்கல் ஒரு கூட்டல். பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு சுமார் 92 லட்சம் கோடி கணக்கு வரும். 2004ன் பென்டியத்தோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக் கடிகார வேகம்தான். கேஷ் இல்லை, அடுத்து எந்தக் கிளைக்குப் போவோம் என்று ஊகிக்கும் சுற்று இல்லை. ஆணைகளைக்கூடத் தானே தேடி எடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் சர்வர் அனுப்புகிறது. கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சிப்பில் போன இடம் 2 சதவீதம். அதே காலத்துச் சிபியு, படம் வரையும் செயலியான ஜிபியு இரண்டோடும் வைத்துப் பார்த்தால் வேகத்தில் 15 முதல் 30 மடங்கும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் கணக்கில் 30 முதல் 80 மடங்கும் முன்னே இருந்தது.

எண்களை 8 பிட்டில் சுருக்கினால் விடை தப்பாகிவிடாதா?

வங்கிக் கணக்கென்றால் தப்பாகும். நியூரல் வலையில் பெரும்பாலும் ஆகாது. ஒரு படத்தில் இருப்பது பூனையா நாயா என்று முடிவெடுக்க ஆயிரக்கணக்கான சிறு சான்றுகளைக் கூட்டுகிறோம். ஒவ்வொன்றிலும் இருக்கும் நுண்பிழைகள் கூடும் குறையுமாக ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

மிச்சமோ பெரிது. 32 பிட் மிதவைப் புள்ளிப் பெருக்கல் 3.7 பிகோஜூல், 8 பிட் முழு எண் பெருக்கல் 0.2. அதைவிட முக்கியமாக, நினைவகத்திலிருந்து நகர்த்த வேண்டிய பிட்டுகள் நான்கில் ஒன்றாகின்றன. பெருக்கும் எண்களைத்தான் சுருக்குகிறார்கள். கூட்டுத்தொகையை 32 பிட்டில் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் நிரம்பி வழிந்துவிடும். வலையைப் பயிற்றுவிக்கும்போது மிகச் சிறிய எண்களும் மிகப் பெரிய எண்களும் கலந்து வருவதால் 8 பிட் முழு எண் போதாது. அதற்காகக் கூகுள் தன் பின்வந்த டிபியுக்களில் 16 பிட்டுக்குள் அடங்கும் பிஃப்ளோட்16 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. வீச்சு 32 பிட்டுக்கு உரியது, துல்லியம் மட்டும் குறைவு.

ஜிபியுவும் முடுக்கிதானே?

ஆம், படம் வரைவதற்கான முடுக்கியாகப் பிறந்தது. பிறகு பொதுக் கணக்குக்கு இளகியது, இப்போது மறுபடி சிறப்புச் சுற்றுகளைத் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. என்விடியாவின் தலைமை அறிவியலாளர் பில் டாலி காட்டும் கணக்கில், 16 பிட்டில் ஒரு பெருக்கிக்கூட்டல் 1.5 பிகோஜூல், அந்த ஆணையின் சுமைகூலி 30. இருபது மடங்கு வீண். 2017ல் வந்த வி100 சிப்பில் நான்குக்கு நான்கு அணிகளை மொத்தமாகப் பெருக்கும் டென்சர் கோர் வந்தது. ஒரு ஆணையில் நடக்கும் வேலை 110 பிகோஜூல் அளவுக்குப் பெரிதானதும், அதே 30 கால் பங்குச் செலவாகச் சுருங்கியது.

எஃப்பிஜிஏ?

சிப்பை வாங்கிய பிறகும் உள்சுற்றை மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதி இதன் பலம். அந்த வசதிக்கான கம்பிகளும் சுவிட்சுகளும் இடத்தையும் மின்சாரத்தையும் தின்பது பலவீனம். சிபியுவுக்கும் தனிச் சிப்புக்கும் நடுவில் நிற்கும். மைக்ரோசாஃப்ட் 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்தி, பிங் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் வேலையில் ஒரு சர்வர் கையாளும் கேள்விகளை 95 சதவீதம் கூட்டியதாக 2014ல் அறிவித்தது. அடிக்கடி மாறும் வேலைக்கு இது சரியான வழி.

‘40 டாப்ஸ்’ என்று போட்டிருக்கும் லேப்டாப்பை வாங்கலாமா?

விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்பது ஒரு டாப்ஸ். 2024ல் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 40 டாப்ஸ் நியூரல் சுற்று வேண்டும் என்று விதித்ததிலிருந்து இந்த எண் கடைகளில் பேசப்படுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எல்லாப் பெருக்கிகளும் ஒரு துடிப்புகூடச் சும்மா இருக்காவிட்டால் கிடைக்கும் உச்சம் அது. பெருக்கிகளுக்கு எண்களை ஊட்டுவது நினைவகம், அதன் வேகம் அந்த ஸ்டிக்கரில் இருக்காது.

டிபியுவையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சம் 92. கூகுள் தன் சொந்த வேலைகளை ஓட்டி அளந்தபோது, படங்களைக் கையாளும் வலை ஒன்றில் 86 வரை வந்தது. மொழியைக் கையாளும் வலை ஒன்றில் வந்தது வெறும் 2.8. அதே சிப், அதே பெருக்கிகள். முதல் வேலையில் எடுத்த எடைகள் திரும்பத் திரும்பப் பயன்பட்டன, இரண்டாவதில் பயன்படவில்லை.

வீட்டுக் கணினியில் ஓட்டும் மொழி மாதிரியை (கேள்விக்கு எழுத்தில் பதில் உருவாக்கும் நியூரல் வலை) வைத்து ஒரு கணக்குப் போடலாம். 700 கோடி எடைகள், ஒவ்வொன்றும் 8 பிட். ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் அத்தனை எடைகளையும் ஒருமுறை படிக்க வேண்டும், அதாவது 5,600 கோடி பிட். டிராமிலிருந்து ஒரு பிட் எடுக்க 5 பிகோஜூல் என்று தாராளமாகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும் 0.28 ஜூல். கணக்கு எவ்வளவு? 700 கோடி பெருக்கிக்கூட்டல், ஒன்றுக்கு 0.3 பிகோஜூல் என்றால் 0.0021 ஜூல். நினைவகத்தின் செலவு கணக்கின் செலவைப் போல் 130 மடங்கு. விநாடிக்குப் பத்துச் சொல்துண்டு வேண்டுமென்றால் எடைகளை நகர்த்த மட்டும் 2.8 வாட் எரியும். டாப்ஸை இரட்டிப்பாக்கினாலும் இந்த 2.8 அசையாது. எடைகளை 4 பிட்டாக்கினால் நேர்பாதியாகும்.

தரவு மையத்தில் ஒருமுறை படித்த எடைகளைக் கொண்டு பல பயனர்களின் கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் உருவாக்குகிறார்கள். சுமைகூலி அங்கே தலைக்கு இவ்வளவு என்று பிரிகிறது. கையிலிருக்கும் போனில் பயனர் நீங்கள் ஒருவர்தான்.

ஆக, லேப்டாப் வாங்கும்போது நினைவகத்தின் அலைவரிசை விநாடிக்கு எத்தனை கிகாபைட் என்று தேடிப் பாருங்கள். நீங்கள் ஓட்டப்போகும் மென்பொருள் அந்த நியூரல் சுற்றைப் பயன்படுத்துகிறதா என்றும் பாருங்கள். பயன்படுத்தாவிட்டால் 40 டாப்ஸும் இருண்ட சிலிக்கான்தான்.

எல்லா வேலைக்கும் ஒரு முடுக்கி செய்து சிப்பில் வைத்துவிட்டால் என்ன?

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967ல் சொன்ன வாதம் இங்கே குறுக்கே நிற்கிறது. உங்கள் மின்செலவில் பாதிக்குக் காரணமான வேலையை ஒரு முடுக்கி ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் மொத்தச் செலவு பாதிக்குக் கீழே போகாது. மிச்சப் பாதி சிபியுவிலேயே இருக்கிறது. அதனால் நேரத்தையும் மின்சாரத்தையும் அதிகம் தின்னும், பல கோடிப் பேர் அன்றாடம் செய்யும், விதிமுறை சட்டென்று மாறாத வேலைகளுக்குத்தான் முடுக்கி கட்டுப்படியாகும். வீடியோ, மறையாக்கம், அணிப் பெருக்கல் மூன்றும் இந்தக் கட்டத்தில் அடங்குகின்றன. யூடியூப் வீடியோக்களைச் சுருக்கக் கூகுள் தனியாகச் சிப் செய்து, முந்தைய ஏற்பாட்டைவிட 20 முதல் 33 மடங்கு திறன் கிடைத்ததாக 2021ல் சொன்னது. அத்தனை வீடியோ வரும் இடத்தில்தான் அந்தச் சிப்பின் வடிவமைப்புச் செலவு திரும்பி வரும்.

முடுக்கி ஓய்வுபெறுவதும் உண்டு. ராஸ்பெர்ரி பை 4இல் எச்.264 வீடியோவுக்கு வன்பொருள் இருந்தது. 2023ல் வந்த பை 5இல் அதை எடுத்துவிட்டார்கள். புதிய சிபியுவே அந்த வேலையைச் சமாளிக்கும் என்பது அவர்கள் கணக்கு. எச்.265க்கான சுற்று மட்டும் தொடர்கிறது.

முடுக்கி இல்லாத சாதனம் என்ன செய்யும்?

வேலையையே மாற்றிக்கொள்ளலாம். ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான ஆணைகள் இன்டெல் செயலிகளில் 2010லேயே வந்துவிட்டன. விலை குறைந்த போன்களில் இருந்த கார்டெக்ஸ் ஏ7 போன்ற செயலிகளில் அவை இல்லை. அங்கே ஏஇஎஸ் மிக மெதுவாக ஓடியதால் சேமிப்பகத்தை மறையாக்கம் செய்யாமலே விட்டுவிட ஆண்ட்ராய்டு அனுமதித்திருந்தது. அதாவது, விலை குறைந்த போன் வைத்திருப்பவரின் படங்களுக்கும் செய்திகளுக்கும் பாதுகாப்புக் குறைவாக இருந்தது. இதைச் சரிசெய்ய 2019ல் கூகுள் அடியண்டம் என்ற முறையை வெளியிட்டது. கூட்டல், பிட் சுழற்றல் போன்ற சாதாரண ஆணைகளையே நம்பியிருப்பதால் ஏ7 போன்ற செயலியில் ஏஇஎஸ்ஸைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. சிறப்புச் சுற்று எட்டாத மக்களுக்காகக் கணித முறையை வளைத்த இந்த வேலைக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

என் கணினியில் முடுக்கி வேலை செய்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

யூடியூபில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் வலது சொடுக்கி, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ற வரியில் ஏவி1, விபி9, ஏவிசி என்று மூன்றில் ஒன்று இருக்கும். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து ‘வீடியோ டீகோட்’ வரைபடத்தைப் பாருங்கள். அது அசைந்துகொண்டிருந்தால் வன்பொருள் வேலை செய்கிறது. அது தரையோடு கிடந்து சிபியு வரைபடம் எகிறினால், விசிறிச் சத்தத்துக்கும் பேட்டரி சரிவதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பெரும்பாலும் சிக்கல் ஏவி1இல் வரும். இன்டெலில் 11ஆம் தலைமுறைக் கையடக்கச் செயலிகளிலும், என்விடியாவில் 30 வரிசையிலும், ஆப்பிள் மேக்கில் எம்3இலும்தான் அதற்கான டீகோடர் வந்தது. அதற்கு முந்தைய கணினி என்றால், பிரவுசரில் வன்பொருள் முடுக்கம் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, யூடியூப் அமைப்புகளில் ஏவி1 விருப்பத்தைக் குறைத்துவையுங்கள்.

நிரல் எழுதுபவருக்கு இதில் என்ன பங்கு?

முடுக்கியைத் தேடும் முன் இருக்கும் செயலியை ஒழுங்காகப் பயன்படுத்துவது. 4,096 வரிசை கொண்ட இரண்டு அணிகளைச் சாதாரண பைத்தான் சுழல்களால் பெருக்க ஏழு மணி நேரம் ஆனது. அதே கணினியில், சி மொழிக்கு மாறி, எல்லாக் கோர்களுக்கும் பிரித்து, கேஷுக்கு ஏற்பத் துண்டுபோட்டு, செயலியின் திசையன் ஆணைகளையும் பயன்படுத்தியபோது 0.41 விநாடியில் முடிந்தது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட கணக்கு இது. 60,000 மடங்குக்கு மேல். புதிய சிப் எதுவும் வாங்கவில்லை. நடைமுறையில் இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டாம், பைத்தானின் நம்பை (NumPy) போன்ற நூலகத்தை அழைத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

இத்தனை மிச்சப்படுத்தியும் தரவு மையங்களின் மின்செலவு ஏறுகிறதே?

ஏறுகிறது. தரவு மையங்கள் 2024ல் சுமார் 415 டெராவாட் மணி, உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம், எடுத்துக்கொண்டதாகவும் 2030ல் அது 945ஐ எட்டக்கூடும் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. ஒரு கணக்கின் விலை இறங்கினால் நாம் அதிகக் கணக்குப் போடுகிறோம்.

இதன் கொடிய வடிவம் பிட்காயின் என்ற மின்நாணயம். அதைச் சம்பாதிக்கக் கணினிகள் ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். சிபியுவில் தொடங்கி, ஜிபியு, எஃப்பிஜிஏ என்று ஏறி, 2013ல் தனிச் சிப்புக்கு வந்தது. ஒரு ஹேஷுக்கான, அதாவது புதிரை விடுவிக்கும் ஒரு முயற்சிக்கான, மின்சாரம் பல்லாயிரம் மடங்கு குறைந்தது. ஆனால் 2,016 பதிவுத் தொகுதிகளுக்கு ஒருமுறை புதிரின் கடினத்தை அந்த அமைப்பே அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. சிப் எவ்வளவு திறமையானாலும், சம்பாத்தியத்துக்கு ஈடான மின்சாரம் எரிந்தே தீரும். முடுக்கி ஒரு கணக்கின் விலையைத்தான் குறைக்கும். எத்தனை கணக்கு வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்ய வேண்டும், அந்தப் பேச்சை நம் துறையில் இருப்பவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவராக இதில் இறங்க எங்கே தொடங்குவது?

முன்பு இது பெரிய நிறுவனங்களின் மூடிய அறைக்குள் இருந்தது. இப்போது கதவு திறந்திருக்கிறது. பெர்க்லியில் 2010ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுப்பில், உங்கள் சொந்த ஆணைகளைச் சேர்த்துக்கொள்ளவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் அந்தத் தொகுப்பைக் கொண்டவை. 2018ல் லினக்ஸை ஓட்டிக்காட்டியவை. அவற்றின் வடிவமைப்பு நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். பெர்க்லியின் ஜெம்மினி, சிஸ்டாலிக் அரேயை உருவாக்கித் தரும் திறந்த கருவி. என்விடியாவின் என்விடிஎல்ஏ வடிவமைப்பும் 2017இலிருந்து திறந்திருக்கிறது.

முதல் பயிற்சியாக நான் சொல்வது இது. நான்குக்கு நான்கு சிஸ்டாலிக் அரே ஒன்றை சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதி, அதைப் பாவனையாக ஓட்டிக்காட்டும் வெரிலேட்டரில் ஓட்டுங்கள். நினைவகத்தைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறும்படி ஓர் எண்ணியை வையுங்கள். சாதாரண மூன்றடுக்குச் சுழலில், எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் 64 பெருக்கலுக்கு 128 முறை படிக்க வேண்டியிருக்கும். உங்கள் அரேயில் 32 முறை போதும். பிறகு அளவை எட்டாக்குங்கள், பதினாறாக்குங்கள், எண்ணி ஒவ்வொரு தடவையும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஹொரோவிட்ஸின் பிகோஜூல்களால் பெருக்கினால், உங்கள் முடுக்கி எவ்வளவு மிச்சப்படுத்தியது என்பதற்கு முதல் மதிப்பீடு கையில் இருக்கும்.